முதலாளி யார் என்று கேட்டார்கள்

ஓய்வு பெற்றவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். எனக்கு இருபத்தேழு வயது. தலை நிறைய முடி இருக்கிறது, பல்லெல்லாம் சொந்தப் பல். ஆனாலும் பார்த்த வேலையை விட்டு வந்தவன் ஓய்வு பெற்றவன்தானே? பென்ஷன் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

நான் பார்த்தது பேங்க் வேலை. அப்படிச் சொன்னால் பெண் கொடுப்பார்கள் என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அது பேங்குக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு கம்பெனி. அம்பாசமுத்திரத்தில் மிட்டாய்க்கடை மாடியில் ஆபீஸ். கடை கடையாக ஏறி இறங்கி, தொழில் செய்கிறவர்களைக் கரண்ட் அக்கவுண்ட் தொடங்க வைக்க வேண்டும். கையோடு ஒரு கிரெடிட் கார்டையும் அவர்கள் தலையில் கட்ட வேண்டும். கணக்கும் கார்டும் சேர்ந்து விழுந்தால் எங்களுக்குள் அதற்கு ‘ஜோடி’ என்று பெயர். ஜோடி பிடித்தவனுக்குத்தான் ஆபீசில் மரியாதை.

போன வாரம், இப்போது அங்கே வேலை பார்க்கிற இரண்டு பையன்கள் சேரன்மகாதேவி டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே நடத்தலாம் என்று விதி வந்ததிலிருந்து, சின்னப் பிள்ளைகள் நிறையப் பேர் விசாரிக்கிறார்களாம்.

“அண்ணாச்சி, பதினாறு பதினேழு வயசுல தொழில் பண்ணுத பயலுவ எல்லாம் வாரானுவ. தொழில் கணக்கு கேக்கானுவ, கார்டு கேக்கானுவ. அதுக்கு இன்னும் வழி இல்லலா? நீங்க அப்ப எப்படிப் பண்ணுனிய?”

“அப்பன் ஆத்தா பேர்லதாம்லே.”

“அந்த வீடியோ காலுக்கு ஆள எப்படித் தயார் பண்ணுவிய? அதச் சொல்லுங்க.”

மற்றவன் கண்ணடித்தான். “அப்படியே அந்த ‘பாப்பாதான் மொதலாளி’யையும் ஒருக்க செஞ்சு காட்டுங்க. கோமதிநாயகம் சார் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்காவ.”

டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாயால் சொன்னால் சிரிக்க வைத்துவிடுவேன். எனக்கு அது ஒரு வியாதி. அதனால்தான் எழுதுகிறேன்.

பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டதாக வெளியில் சொல்லிக்கொள்வேன். அதன்பிறகு செல்போன் கடை, பெயிண்ட் கடை, ஒரு கல்யாண மண்டபத்தில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிற வேலை. பேச்சு நன்றாக வருகிறது என்று ஒருவர் இந்த வேலைக்குச் சொல்லிவிட்டார். பயிற்சி என்று மதுரையில் ஓட்டல் ஹாலில் உட்கார வைத்தார்கள். டை கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அம்பாசமுத்திரம் வெயிலில் அதை இரண்டாம் நாளே கழற்றி வண்டி துடைக்க வைத்துக்கொண்டேன். பயிற்சி முடிந்தது.

எங்களுக்கு மேலே இருந்தவர் கோமதிநாயகம் சார். திருநெல்வேலி டவுனில் பழைய சைவக் குடும்பம். அப்பா தாசில்தாராக இருந்தவர். சார் நெற்றியில் திருநீறு எந்த நேரமும் காலையில் இட்ட மாதிரியே இருக்கும். யாரையும் ‘லே’ போட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். ஒருவன் கையை வீசிக்கொண்டு வந்து நின்றால் “அப்படியா” என்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் துணி மாதிரி மெல்லிய ஒரு துணியால் துடைக்க ஆரம்பிப்பார். பைய, மிகவும் பைய. துடைத்து முடித்து மறுபடி போட்டுக்கொள்ளும் வரை அவன் நிற்க வேண்டும். எங்களோடு இருந்த ஒருவன் அப்படி நின்றே அழுதிருக்கிறான். திட்டு வாங்கியிருந்தால் அழுதிருக்க மாட்டான்.

சார் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை காலை, ஜோடி பிடிக்காதவன் எல்லார் முன்னாலும் வந்து நின்று, அந்த வாரம் கைநழுவிப் போன ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கே தவறு நடந்தது என்று மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். பி.காம். படித்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு “கஸ்டமருக்கு விருப்பம் இல்ல சார்” என்று இரண்டு வார்த்தையில் முடிப்பார்கள். நான் அப்படியா? பத்தமடைப் பாய்க்கடைக்காரர் கணக்கு வேண்டாம் என்று சொல்லும்போது தீக்குச்சியால் காது குடைந்ததையும், குடைந்த குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததையும் சேர்த்துச் செய்து காட்டுவேன். ஆபீஸ் உருளும். சார் கண்ணாடியைத் துடைக்க மறந்துவிடுவார். “இசக்கி, போதும்டே, வயிறு வலிக்கி” என்பார். அத்தனை படித்தவர்கள் நடுவில் எனக்கு இருந்த ஒரே பட்டம் அதுதான்.

இனி, வயது வராத முதலாளிகள்.

பதினெட்டு நிரம்பாதவர் போடுகிற ஒப்பந்தம் சட்டத்தில் நிற்காது. கார்டு என்பது கடன். கடனுக்குக் கையெழுத்து வேண்டும், கையெழுத்துக்கு வயது வேண்டும். சேமிப்புக் கணக்கு கிடைக்கும். ஆனால் பெரிய கடைக்காரர்கள் பில் இல்லாமல், தொழில் பெயரில் கணக்கு இல்லாமல், பணம் அனுப்ப மாட்டார்கள். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது. பாளையங்கோட்டையில் பைக்குக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிற ஒரு பயல் கார்டு கேட்டு என்னை விரட்டினான். “மீச மொளச்ச பொறவு வாலே” என்று அனுப்பினேன். மறுநாள் கறுப்பு ஸ்டிக்கரில் முறுக்கு மீசை வெட்டி ஒட்டிக்கொண்டு வந்து நின்றான். “இப்பக் குடுங்க.” அந்தத் திங்கட்கிழமை எனக்கு அது போதுமாக இருந்தது.

நாங்கள் கண்டுபிடித்த வழி, தொழிலையே பெற்றவர் பேரில் காட்டுவது. செய்முறை இப்படி. முதலில் ஒரு பிளெக்ஸ் போர்டு: மேலே கடைப் பெயர், கீழே ‘உரிமையாளர்’ என்று அப்பாவோ அம்மாவோ. அந்தப் போர்டுக்குக் கீழே அவரை நிற்க வைத்து, சரக்கைக் கையில் கொடுத்து ஒரு போட்டோ. பக்கத்தில் நானும் நிற்க வேண்டும், நேரில் போய்ப் பார்த்ததற்கு அடையாளம். உண்மையில் தொழில் செய்கிற பிள்ளை படத்தில் விழக் கூடாது. “கொஞ்சம் தள்ளிக்கோப்பா” என்று நான்தான் சொல்வேன். பிறகு சென்னையிலிருந்து வீடியோ காலில் ஒரு அதிகாரி வருவார். என்ன தொழில், யார் வாங்குகிறார்கள், முதலாளி யார் என்று கேட்பார். அதற்கு நான் முன்னாலேயே உட்கார்ந்து பாடம் நடத்துவேன். பொய் சொல்லச் சொல்லவில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன். ‘மகன்’ என்று வருகிற இடத்தில் ‘நான்’ என்று சொல்லுங்கள், அவ்வளவுதானே?

பெரும்பாலானவர்கள் ஊதித் தள்ளிவிடுவார்கள். மேலப்பாளையத்தில் ஒரு பையன் செல்போன் ரிப்பேர் செய்தான். அவன் உம்மா வாழ்க்கையில் ஸ்குரூ டிரைவரைத் தொட்டது கிடையாது. அதிகாரி, “டிஸ்பிளே மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?” என்று மடக்கினார். அந்த அம்மா கண் இமைக்காமல், “வாரவுக அவசரத்தப் பொறுத்தது” என்றார். ஜோடி அன்றைக்கே விழுந்தது. மகன் உள்ளே போய்த் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு சிரித்தான்.

அந்த நினைப்பில்தான் வீரவநல்லூருக்குப் போனேன்.

ஊருக்கு வெளியே, கன்னடியன் கால்வாய்ப் பாலம் தாண்டி ஒரு காலனி வீடு. சண்முகப்பிரியா என்று பதினாறு வயதுப் பெண், பள்ளிக்கூடம் போய்க்கொண்டே ஃபைட்டர் மீன் வளர்த்து விற்றாள். சுவர் முழுக்கப் பலகை அடித்து, பலகை முழுக்கக் கண்ணாடிப் பாட்டில். ஒரு பாட்டிலுக்கு ஒரு மீன். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே அட்டை சொருகியிருந்தது. தண்ணீரில் பாதாம் மரத்துச் சருகு ஊறிக் கிடந்ததால் எல்லாமே டீத்தண்ணி நிறம்.

“என்னம்மா இது, மீனுக்கு லாட்ஜா? ஆளுக்கொரு ரூமு?” என்றேன்.

“பக்கத்து ரூம்காரன் மூஞ்சியப் பாத்தா கடிச்சுக் கொன்னுரும் சார். உங்க ஆபீசுல எப்படி? எல்லாரும் ஒரே ரூமா?”

பதிலுக்குப் பதில் சொல்கிற பிள்ளை. எனக்குப் பிடித்துவிட்டது.

அவள் அப்பா செல்லையா. மணிமுத்தாறுக்கு மேலே, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் சின்ன வயதிலிருந்து வேலை பார்த்துவிட்டு, குடும்பத்தோடு கீழே இறங்கி வந்தவர். மலையில் தெரிந்த வேலை சமவெளியில் செல்லுபடியாகவில்லை. வாழைத்தார் சுமக்கப் போவார், பந்தல் சாமான் இறக்கப் போவார். மற்ற நேரமெல்லாம் மகளுக்குக் கவர் கட்டுவார். பிளாஸ்டிக் கவரில் கொஞ்சம் தண்ணீர், நிறையக் காற்று, ஒரு மீன். வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட் போடுவார். காற்று கசிந்தால் பஸ்ஸில் போகும் வழியிலேயே மீன் செத்துப்போகும். அவர் கட்டியது கசிந்ததே இல்லை என்று பிரியா சொன்னாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவளுக்கு வேண்டியது இதுதான். சென்னையில் ஒரு பெரிய மீன் கடைக்காரர் வாராவாரம் பெட்டி பெட்டியாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். தொழில் கணக்கு இருந்தால்தான். அந்த ஒரு கணக்கு கிடைத்துவிட்டால் பிளஸ் டூ முடித்ததும் மீன்வளம் படிக்கப் போகலாம், அப்பாவை வாழைத்தார் சுமக்க விட வேண்டாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கார்டு எதற்கு என்று கேட்டேன். “காத்து மோட்டார் ஆன்லைன்ல வாங்கலாம்லா” என்றாள். எனக்கு ஜோடி கண்ணில் தெரிந்தது.

போர்டு அடித்தோம். செல்லையா அதன் கீழே நின்றார். பிரியாவிடம் “கொஞ்சம் தள்ளிக்கோம்மா” என்றேன். தள்ளிக்கொண்டாள். பிறகு பாடம்.

“அண்ணாச்சி, மொதலாளி யாருன்னு கேப்பாவ. என்ன சொல்லணும்?”

“பாப்பான்னு.”

“இல்ல அண்ணாச்சி. நீங்கதான்.”

“நானா?” வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நான் மொதலாளிய ஒருக்ககூடப் பாத்ததில்ல சார். கங்காணியத்தான் பாத்திருக்கேன்.”

“அப்ப ஒரு கண்ணாடி வாங்கித் தாரேன். பாத்துக்கோங்க.”

பிரியா சிரித்தாள். அவரும் சிரித்தார். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். தனியாகச் சொல்லும்போது சரியாகத்தான் சொன்னார்.

கால் வந்தது. போனை ஒரு பாட்டிலில் சாய்த்து வைத்து, நான் அதற்குப் பின்னால் குந்தியிருந்தேன். எனக்குப் பின்னால் பிரியா. சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஒரு அம்மா, நல்ல மரியாதையாகத்தான் பேசினார். “சார், பிசினஸ் ஓனர் நீங்கதானே?”

செல்லையா போனுக்கு மேலே மகளைப் பார்த்தார்.

“சார், கேமராவைப் பாருங்க. அங்க வேற யாராச்சும் இருக்காங்களா?”

“யாரும் இல்லம்மா.” கொஞ்சம் யோசித்தார். “பாப்பா நிக்குது.”

நான் கையால் சாடை காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கினார், கவர் வாயை முறுக்குகிற மாதிரி.

“எந்த மீன் அதிகமா சேல்ஸ் ஆகுது சார்?”

அது அவருக்குத் தெரியும். அதற்கும் மகளைத்தான் பார்த்தார்.

“சார், ஒரே ஒரு கேள்வி. இந்தத் தொழிலுக்கு முதலாளி யாரு?”

அவர் முகம் திடீரென்று தெளிந்துவிட்டது. நீண்ட நேரம் சுமந்த மூட்டையை இறக்கி வைக்கிறவர் மாதிரி, “பாப்பாதான் மொதலாளி. நான் கவர் கட்டுதேன்” என்றார். அதில் பெருமையும் இருந்தது.

“ஓகே சார். தேங்க்ஸ்.” போன் கறுத்துப் போனது.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிரியா சிரிக்கவில்லை, அவரைக் கோபிக்கவும் இல்லை. “பரவால்லப்பா” என்றாள். என்னைப் பார்த்து, “இன்னொரு தடவ கேப்பாவளா சார்?” என்றாள்.

“சாருட்ட சொல்லிப் பாக்கேன். திங்கக்கெழம ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்த கேளுங்க.”

நான்தான் வரச் சொன்னேன். சொன்னதை அங்கேயே மறந்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் என் தலைக்குள் அந்தத் துண்டு முறுக்குவதுதான் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமைக்குச் சரக்கு கிடைத்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை நான் என்னையே மிஞ்சினேன். கம்ப்யூட்டர் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டேன். போனுக்கு ஒரு பேனா ஸ்டாண்ட். கேள்வி கேட்கிற சென்னைக் குரலும் நானே, துண்டு முறுக்குகிற செல்லையாவும் நானே. ஒவ்வொரு கேள்விக்கும் கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் பார்ப்பது, கண்ணைச் சுருக்குவது, உதட்டை நனைப்பது. கடைசியில் மூட்டையை இறக்கி வைக்கிற முகத்தோடு “பாப்பாதான் மொதலாளி” என்றபோது ஒருவன் நாற்காலியிலிருந்து விழுந்தான். கோமதிநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றியிருந்தார், கண்ணைத் துடைப்பதற்கு.

“இன்னொரு தடவ செய்யும் இசக்கி, இன்னொரு தடவ.”

செய்தேன். இரண்டாவது தடவை பாதியில் சிரிப்பு ஓரமாகக் குறைந்துகொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன்.

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. செல்லையா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். பின்னால் பிரியா பள்ளிக்கூட யூனிபார்மில். எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று தெரியவில்லை. அவர் புன்னகை செய்துகொண்டிருந்தார். எல்லாரும் சிரிக்கிற இடத்துக்குள் நுழைகிறவர்கள் ஒரு மரியாதைக்குச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. நான் யாரைச் செய்தேன் என்று அவருக்குப் புரிந்ததா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

“சார், இப்ப நல்லாப் பாடம் பண்ணிட்டேன்” என்றார். “கேக்கியளா?”

அவர் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். நான் நின்ற இடத்தில் வந்து நின்றார். நான் தள்ளிக்கொண்டேன். துணி இன்னும் என் தோளில் கிடந்தது. அதை எடுத்தால் எடுத்தது தெரிந்துவிடும், எடுக்காவிட்டால் கிடப்பது தெரியும். என் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“எம் பேரு செல்லையா. இந்தத் தொழிலுக்கு நான்தான் மொதலாளி. வண்ண மீன் வளத்து விக்கேன். சென்னை, கோயமுத்தூர், மதுரைக்கெல்லாம் பஸ்ஸுல அனுப்புதேன். வாங்குதவிய பேங்க்லதான் பணம் போடுவாவ. என் சொந்தத் தொழில், வேற யாருக்கும் பங்கு கெடையாது.”

ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் மூச்சு விடச் சொன்ன இடத்தில் மூச்சு விட்டார். எதிர்ச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு இடத்தை மட்டுமே பார்த்தார். மகள் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பழக்கத்தை அவர் எப்படி அடக்கினார், யாரிடம் சொல்லிப் பார்த்தார், வாழைத்தார் சுமக்கிறபோது சொல்லிக்கொண்டே நடந்தாரா என்று நான் பிற்பாடு யோசித்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன், அவனுக்கும் என்ன செய்வதென்று தெரியாமல், கை தட்டினான். இரண்டு தட்டு. பிறகு நிறுத்திவிட்டான்.

“அப்படியா” என்றார் கோமதிநாயகம் சார். “சந்தோஷம். சொல்லி அனுப்புதோம்.”

“அப்பா, வாங்க போவோம்” என்றாள் பிரியா.

அவர் எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார். நான் துணியை உருவி மேசையில் எறிந்துவிட்டுப் பின்னாலேயே படிக்கு ஓடினேன். பிரியா பாதிப் படியில் நின்று திரும்பினாள். என்ன சொல்ல ஓடினேன் என்று எனக்கே தெரியாது. அவள்தான் பேசினாள்.

“எங்கப்பாவச் செஞ்சிய. என்னையும் செய்வியளா சார்? நான் எப்படி இருப்பேன்?”

எதைச் சொன்னாலும் திருப்பி அடிக்கிறவன் நான். படிக்கட்டில் மிட்டாய்க்கடை நெய் வாசம்தான் அடித்தது. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், நிஜமாகவே காத்திருந்தாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

சார் இரண்டாவது காலுக்கு ஏற்பாடு செய்தார். நல்லவர்தான். நான் பிரியாவுக்குத் தகவல் அனுப்பினேன். “வேண்டாம் சார். எங்கப்பாவ இனிமே கேக்க வேண்டாம். பதினெட்டு வரட்டும்” என்று பதில் வந்தது. சென்னைக் கடைக்காரர் கூடுவாஞ்சேரியில் வேறு ஒருவரிடம் எடுத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

இந்த இடத்தில் நான் வேலையை விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. அடுத்த மாதம் மதுரையில் எல்லாக் கிளைகளும் கூடிய கூட்டத்தில், “எங்க இசக்கி ஒண்ணு செய்வான், பாருங்க” என்று சார் மேடையில் சொன்னார். பெரிய ஹால். இருநூறு முகம். நான் எழுந்து போனேன். துண்டு கூடக் கேட்டு வாங்கினேன். செய்தேன். ஒரு பிளாஸ்க் பரிசு கொடுத்தார்கள். திரும்பி வருகிற வழியில் அதை எங்கேயாவது விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் யாராவது, “தம்பி, பிளாஸ்க்க விட்டுட்டிய” என்று எடுத்துக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு யாருக்காவது பாடம் நடத்த உட்கார்ந்தால், “மொதலாளி யாருன்னு கேப்பாவ” என்கிற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஜோடி குறைந்தது. திங்கட்கிழமை கதையும் சொல்லாமல் தரையைப் பார்த்தேன். சார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த வருஷம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என் ஓய்வு இப்படித்தான் வந்தது. கடன் வாங்கி ஒரு குட்டியானை வண்டி எடுத்தேன். இப்போது லோடு அடிக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு வருஷத்துக்குப் பிறகு, செங்கல் இறக்கிவிட்டு வீரவநல்லூர் வழியாக வெறும் வண்டியாய் வந்துகொண்டிருந்தேன். கால்வாய்ப் பாலத்தின் நட்டநடுவில், உச்சி வெயிலில், செல்லையா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிறுத்தாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். வண்டி தானாக நின்றது என்று சொல்ல மாட்டேன், நான்தான் நிறுத்தினேன்.

“என்ன அண்ணாச்சி, இந்த வெயில்ல இங்கன நிக்கிய?”

உடனே கண்டுகொண்டார். “வாங்க சார், வாங்க. நல்லாருக்கியளா?” அந்த ‘சார்’ என் தோலை உரித்தது. “பாப்பாவுக்குப் பதினெட்டு முடிஞ்சிட்டு. வேற பேங்க்ல எழுதிக் குடுத்திருக்கு, அது பேர்லயே. இப்ப சென்னையில இருந்து போன் வரும்னாவ. அதான்.”

“அதுக்கு நீங்க ஏன் இங்க வந்து நிக்கிய?”

“நான் அங்கன இருந்தா ஏதாவது வாயக் குடுத்துருவேன் சார். இருமுனாக்கூட உள்ள கேட்டுரும். போன தடவ என்னாலதான போச்சு. ஆபீசுல வந்து சொன்னேன் பாத்தியளா, அதுலயும் எங்கனயோ பிசகிட்டு. எங்கன்னுதான் தெரியல.”

இரண்டு வருஷமாக அவர் அந்த வரிகளில் தப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

“அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் பிசகல. சரியாத்தான் சொன்னிய. தப்பு என் மேல. நான் அங்க உங்கள மாரி நடிச்சுக் காட்டிச் சிரிச்சிட்டு இருந்தேன். அதப் பாத்துத்தான் பாப்பா வேண்டாம்னுட்டு.”

ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். அவர் என் தோளில் தட்டினார்.

“எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லுதிய. உங்களுக்கு நல்ல மனசு சார்.”

“இல்ல அண்ணாச்சி, நெசமாவே…”

“சரி சார், சரி. விடுங்க.”

அதற்கு மேல் எப்படிச் சொல்வது? வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். கால்வாயில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அவர் அடிக்கடி வீட்டுப் பக்கம் பார்த்தார், பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார், பார்வை கூட அங்கே போய்க் காரியத்தைக் கெடுத்துவிடும் என்பது போல.

பிரியா சைக்கிளில் வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கால் பெடலில் நின்றது.

“என்ன பாப்பா, என்ன கேட்டாவ?”

“எல்லாம் கேட்டாவப்பா.”

“மொதலாளி யாருன்னு?”

“கேட்டாவ. நான்தான்னேன். சரின்னுட்டாவ. முடிஞ்சிட்டு.”

செல்லையா கைப்பிடிச் சுவரை விட்டார். அதுவரை அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளங்கையெல்லாம் சிமெண்ட் பொடி. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டே மகளிடம் என்னைக் காட்டினார்.

“சாரும் எங்கூடயே நின்னாவ. பாவம், இந்த வெயில்ல.”

பிரியா என்னைப் பார்த்தாள். அன்றைக்கு ஆபீசில் நடந்தது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவர்தான் நம்பவில்லை. ஒரு வார்த்தையில் அவள் சொல்லிவிட்டிருக்கலாம். சொல்லவில்லை. சைக்கிள் கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாய் வைக்காமல் என்னிடம் நீட்டினார்.

“மொதல்ல நீங்க குடிங்க சார்.”